டிபன் பாக்ஸைத் திறப்பதற்குள்

நான்கு மணிக்கு அந்தப் பெண் கையெழுத்துப் போட்டாக வேண்டும். போட்டால் தப்பு தன்னுடையதுதான் என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். போடாவிட்டால் போலீஸ். ரேடியோ கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஒன்றரை.

ரேடியோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. வாயை மூடவே மாட்டான் என்பதால் அவனுடைய அண்ணி வைத்தது. அந்த அண்ணிதான் துப்பறிகிறவர். இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினைந்து வருடம் பொய் சொல்கிறவர்களைப் பிடித்துக் கொடுத்து அலுத்துப்போய், ஒரு தையல் கடையின் மாடியில் சொந்தமாகப் போர்டு மாட்டினார். செல்போன் கடையில் வாங்க வந்தவர்களைப் பேசிப் பேசியே விரட்டியதற்காக வேலை போன கொழுந்தனை, வீட்டில் சும்மா கிடந்து கணவரின் உயிரை வாங்குகிறானே என்று உதவிக்குச் சேர்த்துக்கொண்டார்.

இருவரும் இப்போது உட்கார்ந்திருந்தது ஒரு பட்டறை முதலாளியின் அறையில். கேமிங் கம்ப்யூட்டர்களைக் கையாலேயே ஒவ்வொன்றாகக் கோத்து விற்கிற பட்டறை. பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். முதலாளிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா, முகத்தில் மூன்று நாள் தூங்காத களைப்பு.

அவர் சொன்ன கதை சுருக்கமானது. சிப் தயாரிக்கும் பெரிய கம்பெனி ஒன்று, இன்னும் கடைக்கே வராத புது சிப் ஒன்றை இவர்களை நம்பிக் கொடுத்திருந்தது. இன்று ஐந்து மணிக்குக் கண்காட்சியில் அதை வைத்து ஒரு புது ஆட்டத்தை ஓட்டிக் காட்ட வேண்டும். ஆட்டத்தில் ஒரு நகரம், அதில் பத்தாயிரம் பேர், ஒவ்வொருவனும் அவனவன் புத்தியோடு நடப்பான். நேற்று மதியம் புது சிப்பைக் கோத்துப் பார்த்தபோது பத்தாயிரம் பேரும் பிசகாமல் நடந்தார்கள். இன்று காலை பார்த்தால், நகரமே வெயிலில் மயங்கியதுபோல் நின்று நின்று நடக்கிறது. திறந்து பார்த்ததில் உள்ளே இருந்தது புது சிப் இல்லை, அதே குடும்பத்துப் பழைய சிப்.

“கோத்தது எங்க பொட்டு. கடைசியா மூடினதும் அவதான்” என்றார் முதலாளி. “எனக்குப் பொண்ணு மாதிரி மேடம். அதனாலதான் போலீஸுக்குப் போகல. என் கவனக்குறைவுன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்துட்டு, நஷ்டத்துக்கு ஈடா இன்னும் ஏழு வருஷம் இங்கயே வேலை பாத்தா போதும்னு சொல்லிட்டேன்.”

ரேடியோவுக்கு மனசு இளகிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு முதலாளியா என்று வாய்விட்டே சொன்னான். அப்படியானால் எங்களை எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்டார் அண்ணி. சிப் கம்பெனி அதிகாரி நான்கு மணிக்கு வருகிறார், வெளியாள் ஒருவர் விசாரித்து எழுதிக் கொடுக்காமல் அவர் விடமாட்டாராம், பஸ்ஸில் போகும்போது உங்கள் போர்டைப் பார்த்த ஞாபகம் இருந்தது என்றார் முதலாளி.

யார் எப்போது பட்டறையில் இருந்தார்கள் என்று அண்ணி கேட்ட நேரங்களை அவர் ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் குறித்துக் கொடுத்தார். தாளை வீணாக்காத மனிதர் போலிருக்கிறது, மேசை முழுக்கக் கிழித்து அடுக்கிய பழைய கவர்கள்தான். எதற்கும் இருக்கட்டும் என்று மேசையிலிருந்த அடுக்கின் மேலாக இருந்த விசிட்டிங் கார்டு ஒன்றையும் நீட்டினார். பளபளவென்று பிளாஸ்டிக் பூசிய கார்டு. அதன் ஒரு ஓரத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய கறை. அண்ணி கார்டைக் கவருக்குள் செருகி, கவரைக் கைப்பைக்குள் வைத்தார்.

வெளியே வந்ததும் ரேடியோ காதருகே குனிந்தான்.

“போர்டைப் பாத்துக் கூப்பிட்டாராம் அண்ணி. போர்டுல பாதி எழுத்து உதிர்ந்து ஆறு மாசமாச்சு. நம்மள டைலர்னு நினைச்சிருப்பாரு.”

“இல்லப்பா. ஒண்ணும் தெரியாதவங்கன்னு நினைச்சிருப்பாரு” என்றார் அண்ணி.

பட்டறைக் கூடத்தில் நீள மேசைகள், அவற்றின் மேல் பச்சை ரப்பர் விரிப்பு, கிண்ணம் கிண்ணமாகத் திருகாணிகள். ஆட்கள் எல்லோரும் கண்காட்சிக்குப் போய்விட்டதால் இருவர்தான் மிச்சம். கண்காட்சிக்குப் போக வேண்டிய, ஒரு பக்கம் கண்ணாடி பதித்த கம்ப்யூட்டரின் முன்னால் கைகட்டி நின்றவள் பொட்டு. முப்பது வயதிருக்கும். தூரத்தில் யாருக்கோ போனில் பேசிக்கொண்டே இவர்களை ஓரக்கண்ணால் பார்த்தவர் முதலாளியின் மச்சான், மனைவியின் தம்பி. விற்பனையும் கண்காட்சியும் அவர் பொறுப்பு.

பொட்டு என்ற பெயர் எப்படி வந்தது என்று ரேடியோ கேட்டான். சிப்புக்கும் அதன் மேல் உட்காருகிற கூலருக்கும் நடுவில், சூட்டைக் கடத்துவதற்கு ஒரு சாம்பல் நிற பேஸ்ட் வைக்க வேண்டும். அவள் நடுவில் ஒரே ஒரு பொட்டு வைப்பாள். கூலரை வைத்து அழுத்தினால் அது தானாகப் பரவிக்கொள்ளும். அந்தப் பொட்டுக்காக வந்த பெயர்.

“ஒவ்வொருத்தர் கைக்கும் ஒரு பழக்கம் சார்” என்றாள். “முதலாளி மச்சான் பெருக்கல் குறி மாதிரி போடுவாரு. முதலாளிக்கு இது ரெண்டுமே ஆகாது. ஓரமெல்லாம் காயுதுன்னு திட்டுவாரு. அந்தக் காலத்துல அட்டையை வச்சு நாலு மூலைக்கும் இழுத்து விடுவாராம். ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டே எட்டு வருஷம் இருக்கும், ஆனா திட்டுறதை மட்டும் விடல.”

மச்சான் போனை வைத்துவிட்டு வந்து கூலரைத் திருப்பிக் காட்டினார். அடியில் வட்டமாக ஒரே பொட்டின் தடம். வேறென்ன சாட்சி வேண்டும் என்பதுபோல் நின்றார். பொட்டின் முகம் சுண்டிப்போனது.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிரச்சினையை முடித்துக்கொள்ளலாமே, சம்பளமும் நிற்காது என்று ரேடியோ அவளிடம் நூல் விட்டுப் பார்த்தான்.

“நான் தொலைக்கல” என்றாள் அவள். “தொலைச்சேன்னு எழுதிக் கொடுத்தா, இந்தத் தொழில்ல எவனும் இனிமே என்னை நம்பி ஒரு மூடியைக்கூடத் திறக்க விட மாட்டான். எனக்கு இது ஒண்ணுதான் தெரியும்.”

ரேடியோவுக்கு அவள்மேல் இருந்த சந்தேகம் சட்டென்று வண்டி மாறி மச்சான்மேல் ஏறிக்கொண்டது. அந்த ஆளின் கால்சட்டைப் பை ஒரு பக்கம் சதுரமாகப் புடைத்திருந்தது. சிப் வைக்கிற அளவில் ஒரு சின்னப் பெட்டி. அவர் அதை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார். ரேடியோவின் மூக்கில் வியர்த்துவிட்டது. அண்ணி வேண்டாமென்று கண்ணைக் காட்டுவதற்குள், பைக்குள் என்ன என்று கேட்டேவிட்டான்.

மச்சான் முதலில் மறுத்தார். பிறகு மழுப்பினார். கடைசியில் பொட்டு பார்க்காதபடி சுவர் பக்கம் திரும்பிப் பெட்டியைத் திறந்தார். பஞ்சு மெத்தையில் படுத்திருந்தது ஒரு பொய்ப்பல். மேடையில் பேசும்போது முன்பல் கழன்று விழுந்தால் மாட்டிக்கொள்ள இன்னொன்று.

“யாருக்கும் சொல்லிடாதீங்க தம்பி” என்றார் பரிதாபமாக.

ரேடியோ அசடு வழிந்துகொண்டே அண்ணியிடம் வந்தான். அண்ணி அவனைக் கண்டுகொள்ளாமல் அந்தப் பழைய சிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் அகலத்தில் ஒரு தகடு. தலைமேல் இருந்த மூக்குக்கண்ணாடியை மேசையெல்லாம் தேடினார், ரேடியோ எடுத்துக் கண்ணில் மாட்டிவிட்டான்.

“புதுசு எங்க போச்சுன்னு எல்லாரும் கேக்கறாங்க” என்றார். “இந்தப் பழசு எங்கேருந்து வந்துச்சுன்னு யாராவது கேட்டாங்களா?”

மச்சான் ஸ்டோருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பழைய சிப் பட்டியலில் பதினான்கு, அலமாரியிலும் பதினான்கு, ஒன்றும் பிரிக்கப்படவில்லை. இன்னொரு முறை எண்ணச் சொன்னார் அண்ணி. மறுபடியும் பதினான்கு. திருடுகிறவன் வெளியில் போய் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்திருப்பான் என்றான் ரேடியோ. வாங்கியது என்றால் அதன்மேல் பழைய பேஸ்டின் காய்ந்த கறை எதற்கு என்றார் அண்ணி. உண்மைதான். தகட்டின் ஓரத்தில் பல நாள் சூட்டில் காய்ந்து பொருக்குத் தட்டிய கறை, துடைத்தும் போகாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அது எங்கேயோ வருடக்கணக்கில் உழைத்த சிப்.

பழைய சிப்புக்கும் புது சிப்புக்கும் உட்காரும் இடம் ஒன்றேதான், எதை எதில் வேண்டுமானாலும் மாட்டலாம் என்று பொட்டு சொன்னாள். அதற்குமேல் அண்ணி எதுவும் கேட்கவில்லை. தொண்டை வறள்கிறது, தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று ரேடியோவை இழுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார்.

முன்னறையில் வரவேற்பு மேசைக்காரம்மா டிபன் பாக்ஸை முன்னால் வைத்துக்கொண்டு உர்ரென்று உட்கார்ந்திருந்தார். ரேடியோவுக்கு ஆள் கிடைத்தது போதும். என்னக்கா, சாப்பாட்டில் உப்பு இல்லையா என்று ஆரம்பித்தான்.

அவருக்கும் பேச ஆள் வேண்டியிருந்தது. கடையின் ஆட்ட வீடியோக்களைச் சுருக்கி அனுப்புவது அவர் வேலை. தினமும் மதியம் கம்ப்யூட்டரில் அதைத் தட்டிவிட்டால் முக்கால் மணி நேரம் அது தன் பாட்டுக்கு ஓடும். அதற்குள் சாப்பிட்டு, பாக்ஸைக் கழுவி, தங்கையோடு போனில் பேசி, அவள் மாமியார் செய்ததையெல்லாம் கேட்டு முடித்துவிடலாம். மூன்று வருடமாக அவருக்குக் கிடைத்த ஒரே ஓய்வு அதுதான்.

“இன்னிக்குத் தட்டிவிட்டுட்டுப் பாக்ஸைத் திறக்கிறேன், மூடி கையோட வரதுக்குள்ள முடிஞ்சிடுச்சுன்னு காட்டுது. சத்தம் வேற, தலைக்குக் காத்து அடிக்கிற மிஷின் மாதிரி. இது முதலாளி கண்ணுல பட்டா என்ன ஆகும்? சும்மாதானே இருக்கேன்னு இன்னும் நாலு வேலையை என் தலையில கட்டுவாரு. நேத்துதான் அதிசயமா மத்தியானமே வீட்டுக்குப் போங்கன்னாரு. பதிமூணு வருஷத்துல முதல் தடவை. அதுக்குப் பழி வாங்குற மாதிரி இது.”

ரேடியோ ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தான். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

அண்ணி மேசைக்கு அடியில் குனிந்தார். தூசி படிந்த கறுப்புப் பெட்டி ஒன்று, மேலே ஒரு பழைய நாட்காட்டியைச் சுமந்துகொண்டு உறுமிக்கொண்டிருந்தது. பெட்டி முழுக்கத் தூசி. பக்கத்து மூடியின் இரண்டு திருகாணிகளில் மட்டும் தூசி இல்லை.

“இதுக்குள்ள என்ன சிப் இருக்குன்னு திரையில பாரு” என்றார் ரேடியோவிடம்.

அவன் நாலு தட்டுத் தட்டினான். திரையில் வந்த பெயரைப் படித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தான். நகரத்தில் பத்தாயிரம் பேரைத் தனித்தனியாக நடக்கவைக்கிற சிப், ஊர் முழுக்க விளையாட்டுப் பையன்கள் கனவில் காண்கிற சிப், அழைப்பு வந்தால் குறித்துக்கொள்கிற மேசைக்கு அடியில் கிடந்தது.

“யானையைப் பிடிச்சு வந்து தபால் பை தூக்க விட்டிருக்காங்களே அண்ணி” என்றான். கூவிக்கொண்டு உள்ளே ஓடப் பார்த்தவனை அண்ணி சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

“பழசு எங்கேருந்து வந்துச்சு, புதுசு எங்க இருக்குன்னு தெரிஞ்சுது. யாருன்னு தெரியணும்ல. இப்பவே சொன்னா, பொட்டுதான் ஒளிச்சு வச்சான்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. நாலு மணி வரைக்கும் ஆறப்போடு. உன்னால முடியுமா?”

முடியும் என்றான். அவன் வாழ்க்கையிலேயே நீளமான ஒன்றரை மணி நேரம் அது.

அதிகாரி சரியாக நான்கு மணிக்கு வந்தார். சின்னத் தோல் பை, சிரிக்காத முகம். முதலாளி, மச்சான், பொட்டு எல்லோரும் முதலாளி அறையில் கூடினார்கள். தாளும் பேனாவும் மேசைமேல் தயாராக இருந்தன. பொட்டு தாளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணி எல்லோரையும் முன்னறைக்கு அழைத்துப்போய்த் திரையைக் காட்டினார். முதலாளி முகத்தில் முதலில் தெரிந்தது மகிழ்ச்சி இல்லை. ஒரு நொடிதான். உடனே சுதாரித்துக்கொண்டார்.

“பாத்தீங்களா? இங்க ஒளிச்சு வச்சிட்டு, பரபரப்பு அடங்கினதும் எடுத்துட்டுப் போகப் பாத்திருக்கா” என்றார். அடுத்த மூச்சிலேயே குரலைத் தணித்தார். “பரவால்ல. பொருள் கிடைச்சிடுச்சு. நான் பெருசு பண்ணல. கையெழுத்து மட்டும் போட்டுடட்டும்.”

“போடுறதுக்கு முன்னாடி இதையும் திறந்து பாத்துடலாம்” என்றார் அண்ணி. திறக்க வேண்டியது மச்சான், பொட்டு கிட்டவே வரக்கூடாது என்றும் சொன்னார்.

மச்சான் மூடியைக் கழற்றி, கூலரை மெல்லத் திருகித் தூக்கினார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். நடுவில் பொட்டும் இல்லை, பெருக்கல் குறியும் இல்லை. நான்கு மூலைக்கும் ஒரே சீராக, ஓரம் விடாமல், மெழுகித் துடைத்ததுபோல் பேஸ்ட் பரவியிருந்தது. அட்டையால் இழுத்த கோடுகள் தெளிவாகத் தெரிந்தன.

ரேடியோ முதலாளியைப் பார்த்தான். இந்த முறை வாய் தானாகவே மூடிக்கொண்டது.

“அவ என்னை மாதிரி பண்ணியிருப்பா” என்றார் முதலாளி.

“எல்லாரும் திறந்து பாக்கப்போற கம்ப்யூட்டர்ல பொட்டு வச்சிருந்துச்சு. அது அவங்க கை மாதிரி தெரியணும்னு வச்சது” என்றார் அண்ணி. “இதை யாரும் பாக்க மாட்டாங்க. யாரும் பாக்காத இடத்துலதான் மனுஷன் தன்னோட கையால வேலை செய்வான். உங்களுக்கு அந்த சிப்மேல உண்மையாவே ஆசை சார். ஒளிச்சு வைக்கும்போதுகூட ஓரம் காய விட மனசு வரல.”

அண்ணி தன் கைப்பையிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்து, கூலருக்குப் பக்கத்தில் பிடித்தார். கார்டின் ஓரத்துக் கறையும் பேஸ்டும் ஒரே சாம்பல் நிறம். வேறொருவராக இருந்தால் வேலை முடிந்ததும் கார்டைக் குப்பையில் போட்டிருப்பார். முதலாளியோ அதைத் துடைத்து அடுக்கின் மேலேயே திருப்பி வைத்து, அதையே விசாரிக்க வந்தவரிடம் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

முதலாளி பூசி மெழுகப் பார்த்தார். கறை எங்கேயும் ஒட்டும், இது பட்டறை என்றார்.

“ஒட்டும்தான்” என்றார் அண்ணி. “ஆனா எனக்கு முதல்ல உறுத்தினது கறை இல்ல. பதிமூணு வருஷமா லீவு கொடுக்காதவர் நேத்து அரைநாள் லீவு கொடுத்திருக்காரு. போலீஸ் வேண்டாம்னு இன்னிக்குப் பெருந்தன்மை காட்டுறாரு. ஒரே வாரத்துல ரெண்டு தடவை ஒருத்தர் இவ்வளவு நல்லவரா இருந்தா எனக்குப் பயமா இருக்கும்.”

கடைசியாக அந்தப் பழைய கவரைத் திருப்பினார். பின்பக்கம் முதலாளி எழுதிய நேரங்கள். முன்பக்கம் சிப் கம்பெனியின் முத்திரை, அதற்குக் கீழே பொட்டின் பெயரும் பட்டறை முகவரியும்.

அதிகாரி கவரை வாங்கிப் பார்த்தார். போன மாதம் தங்கள் ஆய்வுக்கூடத்தில் வேலை தருவதாக அந்தப் பெண்ணுக்கு எழுதிய கடிதத்தின் கவர் அது என்றார்.

முதலாளி பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பேசியபோது குரலில் கோபம் இல்லை.

“குப்பையில கவரைப் பாத்தேன். போயிடுவான்னு தெரிஞ்சுது. இவ போனா இந்தப் பட்டறையில எனக்கு என்ன இருக்கு? நான் திருடல மேடம். சிப் இந்தக் கட்டடத்தை விட்டு வெளிய போகல. அடுத்த வாரம் நானே கண்டுபிடிச்சுக் கொடுத்திருப்பேன். இவளை நிறுத்தி வைக்கணும், அவ்வளவுதான்.”

அதிகாரி அவரை விநோதமாகப் பார்த்தார்.

“அந்தக் கடிதத்துக்கு இவங்க மறுநாளே பதில் எழுதிட்டாங்களே” என்றார். “வர முடியாதுன்னு. வேலை கத்துக்கொடுத்த இடத்தை விட்டு வர மனசில்லைன்னு.”

முதலாளி பொட்டை நிமிர்ந்து பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. மச்சான் கையிலிருந்த கூலரை வாங்கினாள். துணியால் சிப்பைத் துடைத்தாள். நான்கு மூலையிலும் அவ்வளவு அழகாக இழுத்துவிட்டிருந்த பேஸ்ட் முழுவதும் போகும்வரை நிதானமாகத் துடைத்தாள். கண்காட்சிக்கான கம்ப்யூட்டருக்குச் சிப்பை எடுத்துப்போய், நடுவில் ஒரே ஒரு பொட்டு வைத்து மூடி, சுவிட்சைத் தட்டினாள். திரையில் நகரம் விழித்துக்கொண்டது. பத்தாயிரம் பேரும் அவரவர் வழியில் நடந்தார்கள்.

முதலாளி பின்னாலேயே வந்து கதவருகில் நின்றார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று முணுமுணுத்தார்.

“நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்” என்றாள் பொட்டு.

மேசைமேல் இருந்த தாளை மச்சான் எடுத்து வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நீட்டினார். அவள் வாங்கி, இரண்டாகக் கிழித்தாள். எழுதாத பக்கம் மேலே தெரியும்படி மடித்து, முதலாளியின் சட்டைப் பையில் பேனாக்களுக்குப் பக்கத்தில் செருகினாள். தன் ஸ்க்ரூ டிரைவர்களைத் துணியில் சுருட்டிக் கட்டினாள். பிறகு அதிகாரி பக்கம் திரும்பினாள்.

“அந்த வேலை இன்னும் இருக்கா சார்?”